டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருந்த சொல்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். லட்சுமி டிஸ்சார்ஜ். நேரே ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம், மாமியார் வீடு.  ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவள், "தையல் இழுக்குது."

வாங்க வேண்டியது: பால் வற்ற மாத்திரை, இளநீர்.

ஐந்து நாள் ஆகிறது. பெண் பிள்ளை. ஒன்பதாம் மாதம், வயிற்றிலேயே போய்விட்டது. ஆபரேஷன் மயக்கத்தில் இருந்தாள், பார்க்கவில்லை. புதைத்தது நான்.

ஜூலை 9, புதன்

ராஜபாளையம். இருவரும் வேலை பார்க்கிற பேண்டேஜ் மில்லில் அவள் லீவுக்கு டிஸ்சார்ஜ் காகிதம் கேட்டார்கள். ஜெராக்ஸ் கடையில் நிற்கும்போதுதான் வாசித்தேன். 'ஸ்டில்பார்ன்'. ஸ்டில் என்றால் இன்னும். பார்ன், பிறந்த. இன்னும் பிறந்த? உயிரோடு இருக்கிறதோ என்று ஒரு நொடி. கிறுக்குத்தனம். கையில் வாங்கியவன் நான்.

ஜூலை 10, வியாழன்

மாடி வீட்டு மேரி டீச்சரிடம் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறவர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னும்ங்கிறது பொறவு வந்த அர்த்தம் தம்பி. ஸ்டில்னா முதல்ல அசையாம, சத்தமில்லாம. அசையாதது அப்படியேதான இருக்கும்? அதுலருந்துதான் 'இன்னும்' வந்துச்சு. இதுல இருக்கது பழைய அர்த்தம். சத்தமில்லாம பொறந்த பிள்ள."

காகிதத்தை மடித்துக் கொடுத்தார். "லட்சுமி சாப்பிடுதாளா?"

கீழே வந்தேன். சோறு பொங்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூர். மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "மாப்ள, பிள்ள அழுத சத்தம் கேட்டுச்சுன்னே சொல்லுதா. ஆமா, ஒருவாட்டி அழுதுச்சுன்னு நானும் சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க."

உள்ளே அவள். மார்பில் ஈரத்துணி.

"ஏங்க, அழுத பிள்ளைய என்ன செஞ்சாங்க?"

அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாளாக எதை நினைத்துக் கிடக்கிறாள் என்று.

"அழல லட்சுமி. சத்தமே இல்ல. காகிதத்துலயும் அதான் போட்டுருக்கு." சொல்லின் அர்த்தம் சொன்னேன்.

மாமியார் அடுப்படிக்குப் போய்விட்டார். லட்சுமி அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள்.

பொறவு, "மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

யாரும் என்னிடம் கேட்காதது. தலை நிறைய முடி. நாடியில், உதட்டுக்குக் கீழே, அவளுக்கு இருக்கிற அதே குழி. விரலில் நகம்கூட. எல்லாம் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று. புதைத்த இடத்தைப் பார்க்கணும் என்றாள். "பச்ச உடம்புடி," மாமியார். கேட்கவில்லை. ஆட்டோவில் கூட்டிவந்தேன்.

ராஜபாளையம், ஓடைக்கரை. குனிய முடியாது அவளுக்கு. என் தோளைப் பிடித்து நின்றாள்.

"பேரு எதுவும் நெனச்சிருந்தீங்களா?"

நினைத்திருந்தேன். நாலு மாதமாக. சொன்னேன்.

அவள் ஒரு தடவை கூப்பிட்டாள்.