அப்பா முகம் கேட்கும் ஆட்டம்

மிங்யுவான்,

பன்றிக்கறி அடைத்த பாவ் கொழுக்கட்டை அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. ஆவியில் சூடாக்கிச் சாப்பிடு. சாவியைக் கீழ்வீட்டு லியாவ் அத்தையிடம் கொடு.

நேற்றுக் கத்தியதற்கு வருத்தப்பட மாட்டேன். பிள்ளைகள் வாரத்தில் இவ்வளவு நேரம்தான் கைப்பேசியில் ஆடலாம் என்று அரசாங்கம் சும்மாவா சட்டம் போட்டது? நீயோ செத்துப்போன அப்பாவின் ஆட்டக் கணக்கில் புகுந்து, ஆடுவது பெரியவரா என்று பார்க்கக் கைப்பேசி முகம் கேட்கும்போது படையல் மேசையிலிருக்கும் அவர் படத்தைக் காட்டுகிறாய். கோழி அறுக்கவே கை நடுங்கிய மனிதர் பெயரில் நாளெல்லாம் துப்பாக்கிச் சூடு! கேட்டால், "அதுல செத்தவங்க திரும்ப எழுந்து வந்துடுவாங்கம்மா" என்று வாயாடுகிறாய்.

ஊதுபத்தி ஏற்ற மறக்காதே.

அம்மா

பி.கு.: வெறும் படத்துக்கு எந்தக் கைப்பேசி ஏமாறும், நீ புளுகுகிறாய் என்று நினைத்து, காலையில் நானே படத்தை அதன்முன் பிடித்துப் பார்த்தேன். "கண் சிமிட்டுங்கள்" என்றது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் திறந்துகொண்டது. படம் எப்படியடா சிமிட்டும்?

இன்னொன்று. கைப்பேசியை நான் எடுத்துப் போகிறேன். தண்டனை என்று நினைக்காதே. மேசையில் அப்பா படத்தையும் தேடாதே, அதுவும் என் பையில்தான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும்.