எங்கள் வீட்டின் சாய்வு எங்களுக்கே இருக்கட்டும்

அனுப்புநர்:
கெஷே லுயேர்ஸ், விவசாயி,
ஓஸ்டர்வீடெ கிராமம், வட ஜெர்மனி.

பெறுநர்:
பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
வட்டார அலுவலகம்.

பொருள்: 1741-இல் கட்டிய எங்கள் மரச்சட்ட வீட்டை நிமிர்த்தும் ஆணையை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மாடுகளும் நாங்களும் ஒரே பெரிய கதவு வழியாகப் போய்வரும் இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்து நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. தங்கள் ஆணை வரும்வரை ஒரு குறையும் இருந்ததில்லை.

2. வீடு தரையோடு கிழக்கே ஒரு சாண் சாய்ந்திருப்பது உண்மையே. மரச்சட்டங்களை நிறுத்தி, உச்சியில் தழைவளையம் கட்டிய பிறகே தச்சர்களுக்கு பீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். அன்றைய வீட்டுக்காரர் தாராள மனதுக்காரர். இரண்டு தூண்கள் தரையில் கிடக்கும்போதே பீப்பாயைத் திறந்துவிட்டார். தூணுக்குத் தூண் எண் வெட்டியிருந்தும் நான்காவதும் ஐந்தாவதும் இடம் மாறி ஏறிவிட்டன. "குடிச்சது தச்சன், தள்ளாடுறது வீடு" என்று ஊரார் இன்றும் கிண்டல் செய்வார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். எங்கள் முன்னோர் வீட்டைத் திருத்தவில்லை. சாய்வுக்கு ஏற்றபடி மேசைக் கால்களை அறுத்துக்கொண்டார்கள்.

3. என் கணவர் ஹின்ரிக்குக்குப் பார்வை போய் ஒன்பது ஆண்டுகள். வீட்டுக்குள் அவர் கோல் பிடிப்பதில்லை. தரை இறங்கினால் அடுப்படி, ஏறினால் மாடுகள். "பள்ளத்துப் பக்கம் போனா சூப்பு கிடைக்கும்" என்பார்.

4. சென்ற செவ்வாயன்று தங்கள் ஆட்கள் ஜாக்கி வைத்து, சோதனைக்காக வீட்டை இரண்டு விரல் உயர்த்தினார்கள். மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்த்து மகிழ்ந்தார். மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டுத் திரும்பிய ஹின்ரிக் நேரே சுவரில் போய் மோதினார். சுவரைத் தடவியபடி நின்று, "கெஷே, என்னை யார் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கே?" என்று கேட்டார். நான் எளிதில் அழுகிறவள் அல்ல. அன்று அழுதேன். மேஸ்திரி, "மன்னிச்சிருங்கம்மா, ஆர்டர் அப்படி" என்று சொல்லி ஜாக்கியை இறக்கினார். திங்களன்று மீண்டும் வருவார்களாம்.

5. உளுத்த மரத்தை மாற்றுங்கள், கூரையைப் பிரித்து வேயுங்கள், தடையில்லை. மாற்றும் மரத்தையும் பழைய சாய்விலேயே நிறுத்த உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். திங்களுக்கு முன் தாங்களே ஒருமுறை வந்து பாருங்கள். சூப் உண்டு. நாற்காலி கொஞ்சம் நழுவும், பழகிவிடும்.

இடம்: ஓஸ்டர்வீடெ
நாள்: 14.05.1998

இப்படிக்கு,
கெஷே லுயேர்ஸ்
ஹின்ரிக் லுயேர்ஸ்

குறிப்பு: இரண்டாவது கையொப்பம் என் கணவருடையது. ஜாக்கியை இறக்கிய பிறகு, யார் கையையும் பிடிக்காமல் அடுப்படிக்கு நடந்து வந்து போட்டார்.