இரண்டாக மடித்து வெட்டிய துணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், அதனால் அவளையும் என்னோடு சேர்த்து ஒரே வரியில் நலம் என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் அவள்தான் எடுக்கிறாள், எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அப்புறம் நான் வாயைத் திறந்தால் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள். இந்த வீட்டில் ரகசியம் பேச வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேச வேண்டும், பேசி முடிப்பதற்குள் தொட்டி காலியாகிவிடும். அதனால் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் தகரக் கட்டின் மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன். முடித்ததும் என் கூட்டாளி நட்டு இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவான். என் விரலுக்கு அந்தச் சின்ன எழுத்தெல்லாம் சரிப்படாது, ஒன்றை அமுக்கினால் மூன்று விழுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு வைக்கிறார்களே, அது பாதிதான் ஆகியிருக்கிறது. உன்னிடம் போனில் போயிட்டுதான் வர்றேன், ஒண்ணும் பிரச்சினையில்ல என்று சொல்கிறாளே, நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், மென்று முழுங்கிக்கொண்டு. காலையில் கிளம்பச் சொன்னால் இன்னிக்கு வேண்டாம் என்கிறாள். மறுநாளும் இன்னிக்கு வேண்டாம்தான். டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். இடைவெளி நீண்டால் இதுவரை வைத்ததற்கும் பலன் குறைந்துவிடும், வருகிற திங்கட்கிழமைக்குள் எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னார். எப்படியாவது என்பதை அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். தூக்கிக்கொண்டா போக முடியும். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்து பார்த்தேன், அன்றைக்கு வீடு அமைதியாக இருந்தது என்று அவளுக்கு நிம்மதி. எதைப் போட்டாலும் உரசுது, எரியுது, எதைப் போட்டுக்கிட்டு வெளிய வர்றது என்பதுதான் அவள் சொல்கிற ஒரே பதில். பொய்யில்லை. கதிர் வைத்த இடம் வெந்துபோயிருக்கிறது. இந்த வெயிலில் என் பழைய சட்டை ஒன்றைப் பொத்தான் போடாமல் மாட்டிக்கொண்டு, கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கல்லாவில் உட்கார்ந்த பேக்கரியின் முதலாளியம்மா இரண்டு தடவை வந்து எப்ப வர்றீங்க என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வேற ஆள் பாத்துக்கச் சொல்லுங்க என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் நீ அனுப்பிய துணிப் பார்சல் வந்தது. இங்க வெயில் காலம் வந்தா தையலே தெரியாதவங்ககூட வீட்டிலேயே தொளதொளன்னு ஒரு நீளக் கவுன் தைச்சுக்கிறாங்கப்பா, நேர்த் தையல்தான், அம்மாவுக்கு ஒண்ணு தைச்சுக் குடுங்க என்று நீ சொன்னாய். அம்மா அந்த வெளிர்நீலத் துணியைப் பிரித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கனமே இல்ல, இதுல ஒண்ணு இருந்தா வெளிய போலாம் என்றாள். அவள் எதற்கோ சொல்லியிருக்கலாம். நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாயிலிருந்து வெளிய போலாம் என்று கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

தையற்கடைக்குப் போகலாம் என்றேன். யாரும் என்மேல டேப்பைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சரி, நான் அளவெடுக்கிறேன் என்றால் அதற்கும் மாட்டேன் என்றாள். அலமாரியிலிருந்து பழைய கவுன் ஒன்றை எடுத்து என் மேல் போட்டு, இது எனக்குச் சரியா இருந்தது, இதை வச்சு வெட்டுங்க என்றாள். எனக்கும் அது வசதியாகப் பட்டது. கீழ்வீட்டு டீச்சரிடம் தையல் மெஷினைக் கேட்டு வாங்கினேன். யார் தைக்கப்போறா என்று கேட்டார்கள். நான்தான் என்றதும் மெஷினை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள், பிள்ளையை முதல்முறை விடுதிக்கு அனுப்புகிற மாதிரி. தெரிந்த தொழிலை விட்டவனும் கெட்டான், தெரியாத தொழிலைத் தொட்டவனும் கெட்டான் என்பார்கள், நான் தெரிந்ததையும் விடாமல் தெரியாததையும் தொட்டேன். அதாவது பட்டறையில் ஒரு மெல்லிய தகரத்தில் கவுனுக்கு அச்சு வெட்டினேன். சிரிக்காதே. காகிதம் சுருங்கும், நகரும், தகரம் நகராது. நட்டு அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என்னண்ணே, எந்த பில்டிங்குக்கு ஏசி காத்துக்குழாய் என்று கேட்டான். உன் அண்ணிக்குக் கவுன் என்றேன். அப்புறம் அவனே ஓரத்தையெல்லாம் அரம் போட்டு மழுக்கிக் கொடுத்தான், துணி கிழியக்கூடாதாம்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். ஒரு பக்கத்தை அளந்தால் போதும், மறுபக்கம் தானே வந்துவிடும். அதனால் பாதி அச்சுதான் வெட்டினேன். துணியை இரண்டாக மடித்து, மடிப்போரத்தில் தகரத்தை வைத்து, சாக்பீஸால் சுற்றி வரைந்து, ஒரே வெட்டு. பிரித்தால் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல வந்தது. நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா. பெருமை தைக்கிற வரைக்கும்தான். தகரத்தில் ஓரம் மடிக்க நகக்கண் அளவு விட்டால் போதும், துணியிலும் அவ்வளவே விட்டேன், தைக்கத் தைக்கத் துணி நூல்நூலாகப் பிரிந்துகொண்டே வந்தது. அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சேர்ந்துகொண்டு மெஷின் நின்று நின்று போனது. மெஷின் சரியில்லை என்று திட்டினேன், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது. அவள் கிண்டல் செய்து நாளாகிவிட்டது, அதைக் கேட்பதற்காகவே இன்னும் இரண்டு தடவை மெஷினைத் திட்டினேன். நெஞ்சுக்குக் கீழே சுருக்கு வைத்துப் பாவாடைப் பகுதியைச் சேர்க்கிற இடத்தில் மட்டும் அவளே எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். கீழ துணியைக் குறைச்சிராதீங்க, நடந்தா பறக்கணும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தைத்து முடித்தேன். அவள் அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து உடை மாற்றுவதென்றால் கதவு சாத்துகிறாள், கட்டு மாற்றியதும் அப்படித்தான், ஆஸ்பத்திரியில் நர்ஸ் மாற்றுவார், வீட்டில் அவளே மாற்றிக்கொள்வாள். நான் வெளியே நின்று மாத்திட்டியா என்று கேட்பேன், உள்ளேயிருந்து ம் என்று வரும். என் பங்கு அவ்வளவுதான். அன்றைக்கும் வெளியேதான் நின்றேன். பிறகு அவளே கதவைத் திறந்து, கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள், நான் பின்னால் நின்று பார்த்தேன். வலது பக்கம் நான் நினைத்தபடி அழகாக விழுந்திருந்தது. இடது பக்கம் காலிப் பை போலத் தொய்ந்து கிடந்தது. அந்தத் தொய்வில் கழுத்து அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய், கீழே விளிம்பும் அந்தப் பக்கம் மட்டும் இறங்கியிருந்தது. அம்மா கண்ணாடியைப் பார்த்தபடியே, இந்தப் பக்கம் யாருக்குத் தைச்சிருக்கீங்க என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிதானமாகக் கேட்டாள். இந்தப் பக்கம் இனி அந்தப் பக்கத்தைப் போல இருக்காது என்பது எனக்குத் தெரியாதா. ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். தெரிந்த விஷயம் கைக்குப் போய்ச் சேரவில்லை. தகரத்தை மடிப்போரத்தில் வைத்து வெட்டும்போது ஒரு நொடிகூட எனக்கு அது தோன்றவில்லை. அவள் கவுனைக் கழற்றி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். நீ இருந்திருந்தால் என்று நூறு முறை நினைத்தேன், நினைத்து என்ன. நீ இருந்திருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பாய், அதையாவது செய்திருப்பாய், எனக்கு அதுவும் வரவில்லை.

இரண்டு நாள் அந்தத் துணியைப் பற்றி யாரும் பேசவில்லை. நேற்று மத்தியானம் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தபோது அறையிலிருந்து கூப்பிட்டாள். டேப்பை எடுத்துக்கிட்டு வாங்க என்றாள். போனேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தாள். கதவைச் சாத்தப் போனவனை, அது திறந்தே இருக்கட்டும், வீட்ல வேற யார் இருக்கா என்றாள். பிறகு சட்டையை எடுத்துவிட்டு என் எதிரில் நேராக நின்றாள். அங்கே எப்படி இருந்தது என்று உனக்கு எழுதப்போவதில்லை, அது அவள் உன்னிடம் சொல்ல வேண்டியது. டேப்பின் ஒரு முனையை நடு நெஞ்சில் அவளே பிடித்துக்கொண்டாள், மறு முனையை அக்குள் வரைக்கும் நான் கொண்டுபோனேன், வெந்த இடத்தில் படாமல் காற்றில் பிடித்துக்கொண்டு. தகரத்தில் மயிரிழை வித்தியாசத்தைக் கண்ணாலேயே சொல்பவன் நான். டேப்பில் என்ன எண் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, எல்லாம் கலங்கிப் போயிற்று. அவள்தான் குனிந்து படித்துச் சொன்னாள். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். பழைய கவுனை எடுத்துக் குடுத்தது நான்தான, உங்களைச் சொல்லி என்ன ஆவப்போகுது என்றாள். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னாள், பஞ்சு கிஞ்சு வச்சு இருக்கிற மாதிரி எதுவும் தைச்சு வைக்காதீங்க, இல்லாத மாதிரியே தைங்க என்று.

இப்போது இடது பக்கத்துக்குத் தனியாக இன்னொரு தகரம் வெட்டியிருக்கிறேன். முன்பக்கத்தை முழுக்கப் பிரித்தாயிற்று. மிச்சத் துணி மேல் பகுதிக்கு மட்டும் போதும், கீழே பறக்கிற பகுதியில் கை வைக்காமல் சமாளித்துவிடுவேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். தையல் உள்பக்கம் இருந்தால் வெந்த இடத்தில் உரசும், தையலை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்தால் பார்க்க அசிங்கமாக இருக்குமா, அதை மூட உங்கள் ஊரில் ஏதாவது செய்கிறார்களா. தெரிந்தவர்களிடம் கேட்டு இன்றைக்கே நட்டுவின் போனுக்கு அனுப்பு, அம்மா போனுக்கு அனுப்பாதே. அவளைக் கூப்பிடும்போது ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்காதே, நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, எப்போதும் போலப் பேசு. உன்னால் முடியாவிட்டால் இரண்டு நாள் கூப்பிடாமலே இரு, வேலை அதிகம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். லீவு போட்டு ஓடி வருகிறேன் என்று கிளம்பிவிடாதே, உன்னைத் திடீரென்று வாசலில் பார்த்தால் தன் நோய் முற்றிவிட்டது என்று அவள் பயந்துவிடுவாள். வரவே வேண்டாம் என்று எழுதவும் எனக்குத் தைரியமில்லை. எது சரி என்று உன் அப்பாவுக்குத் தெரியவில்லையம்மா.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், மனக்குறையில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் வாழ வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. அழுதுவிட்டு முகம் கழுவாமல் வேலைக்குப் போகாதே. மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடு, இதைத் தனியாகச் சுமந்துகொண்டு திரியாதே.

திங்கட்கிழமை காலைக்கு வண்டி சொல்லி வைத்திருக்கிறேன். அதை அவளிடமும் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல்ல தைச்சு முடிங்க என்றாள். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. நான் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வேறு வழி தெரியாத
உன் அப்பா