ஒரே வீட்டில் சிவப்பும் மஞ்சளும்

அன்பும் வாயும் சம அளவில் வாய்த்த என் தேவன் அண்ணாவுக்கு,

சுகமா என்று கேட்டால், "செத்தவனைப் பார்த்துக் கேக்கிற கேள்வியே இது?" என்று சிரிப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. நாங்கள் சுகம். சிட்னி நார்த்மீட்டில் வெயில் தொடங்கிவிட்டது. உங்கள் பின்வளவில் எலுமிச்சைப்புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. நொய் அண்ணி அதை வெட்டுவதும் வருவோர் போவோருக்கெல்லாம் கட்டிக்கொடுப்பதுமாக இருக்கிறார்.

முக்கியமான செய்தி, பாங்கொக்கில் மறுபடியும் சனம் ரோட்டில் இறங்கிவிட்டது. இந்த முறை எல்லோர் கழுத்திலும் விசில். காது கிழிய ஊதுகிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்கள் சத்தத்தைக் கூட்டியிருப்பீர்கள். இதைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் பாங்கொக்கில் இரத்தினக்கல் கடை ஒன்றில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து மனிதர். தாய்லாந்தின் வடகிழக்கில் உடோன் பக்கத்துப் பெண் நொய்யைக் காதலித்துக் கட்டியவர். எங்களைப் போல ஓடிவந்து, விசா முடிந்து, அறைக்குள் ஒளிந்திருந்த குடும்பங்களுக்கு அரிசியும் தைரியமும் கொண்டுவந்து தந்தவர். அந்த வருடங்களில் நானும் என் கணவரும் வெளியில் வாயைத் திறந்ததே இல்லை. பேருந்தில்கூடத் தமிழில் கதைக்கமாட்டோம். உங்கள் குடும்பம் முதலில் சிட்னிக்கு வந்தது. பிறகு எங்களுக்கும் வழி கிடைத்தது.

இங்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பாங்கொக்கில் எங்களோடு இருந்த குகன் உங்கள் ஹோலில் இருந்து தாய்லாந்து அரசாங்கத்தை உரத்த குரலில் திட்டிக்கொண்டிருந்தார். நான் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினேன். நீங்கள் வந்து அதைத் திறந்துவிட்டீர்கள்.

"தங்கச்சி, இது நார்த்மீட். பக்கத்து வீட்டுக்காரன் புல்லு வெட்டுறான். ஒருத்தரும் உங்களைப் பிடிக்க வரமாட்டினம். நீங்களும் ரெண்டு வார்த்தை கத்துங்கோ."

எனக்கு அழுகை வந்தது. கத்தவில்லை, சோற்றைத்தான் சாப்பிட்டேன். அதற்காகவே உங்களுக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லவேண்டும்.

பிறகு நான் கத்தப் பழகியது உங்களுக்குத் தெரியும். ஞாயிறு தோறும் பாங்கொக் ஆட்கள் கூடுவோம். தாய்லாந்து அரசியலில் எங்களுக்கு இல்லாத கருத்தே இல்லை. வாக்கு இல்லை, விசா இல்லை, அந்த நாடு எங்களைத் தனக்குரியவர்களாக ஒருநாளும் எண்ணியதில்லை. ஆனாலும் பிரதமரை ஏற்றி இறக்குவது நாங்கள்தான். அந்த நாட்டுக்காரி ஒருத்தி மட்டும் குசினிக்குள் நின்று எங்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நீங்கள் ஹோலில் இருந்த கதிரைகளையெல்லாம் தூக்கிக் குசினிக்குள் போட்டீர்கள். நொய் அண்ணியின் கல் உரலை நடுவில் வைத்தீர்கள்.

"இனித் தாய்லாந்தைப் பற்றிக் கருத்துச் சொல்லுறவர் மிளகாய் இடிச்சுக்கொண்டுதான் சொல்லவேணும். கை நிண்டால் வாயும் நிக்கவேணும்."

குகன் இடித்த அளவு மிளகாயை வேறு யாரும் இடித்ததில்லை. அவருக்குக் கையில் தசை பிடித்தது, கருத்து மட்டும் குறையவில்லை. ஆனால் அன்றிலிருந்து நொய் அண்ணியும் கதைக்கத் தொடங்கினார். அவருடைய தமிழில் சொல்லெல்லாம் யாழ்ப்பாணம், இராகம் மட்டும் உடோன். வயல்காரர் வாக்குப்போட்டுக் கொண்டுவந்த ஆட்சியை நகரத்துக்காரர் ஏன் கவிழ்க்கிறார்கள் என்று அவர் கேட்டபோதுதான், நாங்கள் அந்த ஊரில் இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம் என்பது விளங்கியது.

அண்ணி வயல்காரரின் சிவப்புச் சட்டைப் பக்கம். மெல்பேர்ணில் நோபல் பார்க்கில் இருக்கும் அவருடைய தங்கை லெக் நகரத்துக்காரரின் மஞ்சள் சட்டைப் பக்கம். லெக் முதலில் பாங்கொக்கில் கடைக்காரக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு இருந்தவள். அங்கே மஞ்சள், மன்னர் பிறந்த கிழமையின் நிறம். அதைப் போட்டவர்கள் நாட்டைக் காப்பாற்றுகிறவர்கள் என்று அவள் நம்பினாள். இதெல்லாம் வாய்ச்சண்டையாக இருந்தவரை பரவாயில்லை. அவர்களுடைய அம்மா உடோனில் இறந்தபோது மஞ்சள் சட்டைக்காரர் பாங்கொக் விமான நிலையத்தை மூடிவைத்திருந்தார்கள். தாயைப் பராமரிக்கப் போயிருந்த லெக் உடோனிலேயே இருந்தாள். அண்ணியால் போகமுடியவில்லை. பெட்டி அடுக்கியபடியே ஹோலில் கிடந்தது. தாயை எரித்துவிட்டார்கள். பிறகு போனில் லெக், "நாட்டுக்காகச் செய்தார்கள், அக்கா" என்றாளாம். அண்ணி போனை வைத்தார். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் கதைக்கவில்லை.

உங்களுக்கு அதுதான் பெரிய கவலை. "எனக்கு ரெண்டு கட்சியும் ஒண்டுதான். ஒரு பக்கம் மனுசி, மற்றப் பக்கம் மச்சாள்" என்று பகிடி விட்டுக்கொண்டே எத்தனை தரம் லெக்குக்குக் கோல் எடுத்தீர்கள்! அவள் உங்களோடு நன்றாகக் கதைப்பாள். அக்காவிடம் கொடுக்கவா என்றால் வைத்துவிடுவாள்.

பிறகு 2009 வந்தது. வன்னியிலிருந்து வந்த செய்திகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. சிட்னி நகரத்துக்குள் நாங்கள் நாளாந்தம் போய் நின்றோம். அண்ணியும் வந்து நின்றார். எங்கள் கொடியின் நிறமென்று எல்லோரும் கட்டியிருந்த சிவப்பு மஞ்சள் துணியை அவரும் கழுத்தில் சுற்றிக்கொண்டு, எங்களோடு சேர்ந்து அழுதார். மஞ்சளைக் கையாலும் தொடமாட்டேன் என்று சொன்ன மனுசி! அந்த நாட்களில் எங்களில் ஒருவருக்கும் அது நினைவுக்கே வரவில்லை. யாரோ எடுத்த படம் பேஸ்புக்கில் போனது.

அடுத்த ஞாயிறு உங்கள் வீட்டுப் போன் அடித்தது. லெக். தேம்பித் தேம்பி அழுகிறாள். அக்கா சிவப்போடு மஞ்சளையும் சேர்த்துக் கட்டியிருக்கிறா, தன்னை மன்னித்துவிட்டா என்று. நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தீர்கள். உதட்டில் விரலை வைத்தீர்கள். குகன் வாயைத் திறக்கப்போனார், நான் அவர் காலை மிதித்தேன். நீங்கள் போனை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு எல்லோரையும் பின்வளவுக்குக் கலைத்தீர்கள். நாங்கள் திரும்பி உள்ளே வந்தபோதும் அவர் கதைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமாதானம் அடுத்த சித்திரை வரைதான். எங்களுக்கும் அவர்களுக்கும் வருடப்பிறப்பு ஒன்றாக வருவதால் லெக் மெல்பேர்ணிலிருந்து வந்திருந்தாள். பாங்கொக்கில் சிவப்புச் சட்டைக்காரர் நகரத்தின் நடுவில் குந்தியிருந்த காலம். சுடுபட்டு ஆட்கள் செத்த செய்தியும் வந்திருந்தது. குகன் உரலில் மிளகாய் இடித்தபடி தொடங்கினார்.

"ரோட்டை மறிச்சால் சனம் வேலைக்குப் போறேல்லையோ? உவங்களைக் காசு குடுத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாங்கள்."

அண்ணி அடுப்பை நிறுத்தினார். "போன வருசம் நாங்கள் இங்க ரோட்டில நிண்டம், குகன். எங்களையும் அப்பிடித்தானே சொன்னவை? உங்களுக்கு ஆர் காசு தந்தது?"

குகன் தலையைக் குனிந்து மிளகாயை இடித்தார். பதில் லெக்கிடமிருந்து வந்தது. அக்காவும் தங்கையும் தாய்லாந்து மொழியில் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் லெக், "பிறகு ஏன் எனக்காக மஞ்சள் கட்டினாய்?" என்று கேட்டாள். பாங்கொக்கில் பழகிய அரைகுறை மொழியில் குகன் விளக்கம் கொடுத்தார். அது எங்கள் கொடியின் நிறம், உனக்காகக் கட்டியதில்லை என்று. பாவம், உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தார். லெக் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி இல்லை என்று சொல்லவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்விட்டாள்.

அடுத்த வருடத் தாய்லாந்துத் தேர்தலுக்கு ஒருத்தி சிட்னியிலும் மற்றவள் மெல்பேர்ணிலும் வாக்குப்போட்டார்கள். "என்ர குடும்பத்து வாக்கு ரெண்டும் ஒண்டை ஒண்டு தின்னுது" என்றீர்கள். சிரித்தோம். உங்கள் முகத்தில்தான் சிரிப்பு நிற்கவில்லை.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது, என் வேலை முடிய நேரே உங்கள் கட்டிலுக்கு வருவேன். ஒரு பின்னேரம் நீங்கள் லெக்கோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பழங்களை வெட்டுவதுபோல நின்று முழுவதையும் கேட்டேன். தாய்லாந்து மொழி எனக்கும் விளங்கும் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்களா, அல்லது நான் கேட்கட்டும் என்றே கதைத்தீர்களா?

நீங்கள் சொன்னது இதுதான். "லெக், அந்தத் துணி எங்கட நிறம்தான். உனக்காகக் கட்டினதில்லை. அண்டைக்கே நான் சொல்லியிருக்கலாம், சொல்லேல்லை. ஆனா படத்தைப் பார்த்தவுடன நீ அழுதுகொண்டு கோல் எடுத்தாய். உன்ர அக்கா ஒரு மணித்தியாலம் போனை வைக்கேல்லை. அது ரெண்டும் பொய்யில்லை. எனக்கு வருத்தம் கடுமை. நொய்யைத் தனிய விட்டிட்டுப் போக ஏலாது. வா."

அவள் வந்தாள், அண்ணா. அது உங்களுக்குத் தெரியும். அரை மயக்கத்தில் உங்களுக்குத் தெரியாமல் போனதைச் சொல்கிறேன். முதல் நாள் ஆஸ்பத்திரி நடையில் அக்காவும் தங்கையும் இரண்டு முனையில் நின்றார்கள். உங்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தது ஒருத்தி, துவாய் கொண்டுவந்தது மற்றவள். அப்போதும் கதைக்கவில்லை. உங்களைத் திருப்பிப் படுக்கவைக்க ஒருவரால் முடியவில்லை, இருவரும் ஒன்றாகத் தூக்கினார்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணவேண்டியிருந்ததே, அதுதான் அவர்கள் பேசிய முதல் பேச்சு. செத்த வீட்டில் லெக் வெள்ளைச் சேலை கட்டி உங்கள் தலைமாட்டில் நின்றாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை போகவில்லை.

இப்போது, பழைய மஞ்சள் பக்கத்தார் ஊதும் இந்த விசில். போன கிழமை லெக் நோபல் பார்க்கிலிருந்து வந்தாள். கழுத்தில் விசில் தொங்குகிறது! நீங்கள் சேர்த்துவைத்தது இவ்வளவுதானா என்று நினைத்தேன். குகன் அவளைக் கண்டதும், "நான் ஒண்டும் கதைக்கமாட்டன் தங்கச்சி, கார் பார்க் பண்ணப்போறன்" என்று வெளியே ஓடினார். கார் ஏற்கெனவே பார்க் பண்ணித்தான் நின்றது.

உள்ளே சண்டை தொடங்கியது. அண்ணி கத்த, லெக் விசிலை ஊத, பக்கத்து வீட்டு நாய் குரைக்க, நான் நடுவில் போய் மறிக்கப் பார்த்தேன். இருவரும் ஒன்றாக என்னைப் பார்த்து, "நீ பேசாமல் இரு" என்றார்கள். பிறகு சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகும் சண்டை. தேநீருக்குப் பிறகும். அவள் பையை எடுக்கவில்லை. பின்னேரம் பார்த்தால் இருவரும் கணினிக்கு முன்னால் தலையும் தலையும் முட்ட இருந்து விமானச்சீட்டுப் பார்க்கிறார்கள். உங்கள் சாம்பலில் ஒரு பங்கை அண்ணி எடுத்துவைத்திருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதை உடோனுக்குக் கொண்டுபோய், அவர்களுடைய அம்மாவின் சாம்பல் இருக்கும் கோயிலில் வைக்கப்போகிறார்கள். அண்ணி அந்தக் கோயிலுக்கு இன்னும் போனதே இல்லை. இதைச் சொன்னது லெக்தான்: "அக்காவை அம்மாவிடம் நான் கூட்டிக்கொண்டு போகவேணும்."

உங்கள் தயவில் நான் கத்தவும் கற்றேன், கத்துகிறவர்கள் பிரிந்துபோகத் தேவையில்லை என்பதையும் கண்ணால் பார்த்தேன். இந்த நன்றியை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? ஆகவே ஒரு வாக்குத் தருகிறேன். விமான நிலையத்துக்கு அவர்களை நான்தான் கொண்டுபோய் விடுவேன். திரும்பி வரும்போதும் வாசலில் நான்தான் நிற்பேன். இருவரும் வெளியே வரும்வரை நிற்பேன்.

நேற்று அண்ணியிடம் பயந்து பயந்து கேட்டேன், பாங்கொக்கில் விமான நிலையத்தைத் திரும்பவும் மூடினால் என்ன செய்வீர்கள் என்று. அவர் சிரித்தார்.

"மூடட்டும். இந்த முறை அவளும் என்னோட உள்ளுக்கதானே நிப்பாள்."

என்றும் உங்கள் வீட்டுச் சத்தத்தில் ஒருத்தியாக,
நீங்கள் ஜன்னல் திறந்துவிட்ட தங்கச்சி,
சுகந்தி