முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்

டேய், உனக்கு இன்றைக்கும் தபால் வந்திருக்கிறது. வழவழவென்று பெரிய உறை. பிரித்ததும் கல்யாணப் பத்திரிகை போல மை வாசனை. நம் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஃபுட்பால் ஸ்டேடியத்தை இன்னும் பெரிதாக்கப் போகிறதாம். மேல்மாடியில் கண்ணாடி அறைகள், சோபா, ஏசி, உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு. நன்கொடை தரும் பழைய மாணவர்களின் பெயரைச் செங்கல்லில் பொறிப்பார்களாம். உன் பெயரை மாதிரிச் செங்கல்லில் அச்சடித்தே அனுப்பியிருக்கிறார்கள்.

நீ அங்கே இருந்தது ஒரே ஒரு செமஸ்டர். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவர்கள் பத்து வருடமாக விடாமல் உன்னிடம் மொய் கேட்கிறார்கள்! நீ கிளம்பும்போது என் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போனதால், நான் வீடு மாறி மாறி சான் ரமோனுக்கு வந்த பிறகும் அது என்னைத் தேடி வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஜெர்சி சிட்டியில் இருந்த உன்னைப் போனில் கூப்பிட்டு ராகம் போட்டுப் படித்துக் காட்டுவேன். இன்றைக்கும் போனைக் கையில் எடுத்துவிட்டேன். பாதி நம்பர் அழுத்திய பிறகுதான் நீ போய் எட்டு மாதம் ஆகிறது என்பது உறைத்தது. சத்தியமாக எனக்கு அழுகை வரவில்லை, உன் மேல் கோபம்தான் வந்தது. நாற்பது வயதுகூட ஆகவில்லை, அப்படி என்னடா அவசரம் உனக்கு?

போனில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதை எழுதியாவது தொலைக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து நீ, ஈரோட்டிலிருந்து நான். இரண்டு பேரும் புள்ளியியல் எம்.எஸ்சி., இரண்டு பேருக்கும் டாக்டர் பட்ட ஆசை. வித்தியாசம் ஒன்றுதான். நீ அசிஸ்டண்ட்ஷிப்போடு வந்திருந்தாய். வகுப்பெடுத்துப் பேப்பர் திருத்தினால் ஃபீஸ் கிடையாது, மாதாமாதம் சம்பளமும் உண்டு. எனக்கு அது கிடைக்கவில்லை. காலேஜ் மெஸ்ஸில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். மே மாதத்துக்குள் எனக்கும் ஒரு வழி பிறக்காவிட்டால் ஈரோட்டுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

அந்த ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் ஜன்னலில் ஒரே ஆளின் படம். மளிகைக் கடை, வங்கி, முடிவெட்டும் கடை, ஒன்று பாக்கியில்லை. தலையில் ஹெல்மெட், கையில் நீளப் பந்து. முதல் வாரம் நீ அதை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாய்: "இங்க ஏதோ எலெக்‌ஷன் வருது போலலே. இவன் ஹெல்மெட் சின்னத்துல நிக்கான்." நானும் தலையாட்டினேன். பெரிய படம் ஒட்டினால் அது வேட்பாளர்தான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

அந்த வேட்பாளர்தான் நீ பாடம் எடுத்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்பது நம் இருவருக்கும் டிசம்பர் வரை தெரியாது. ஹெல்மெட் இல்லாமல் யார் கண்டார்கள்? கதவை அடைத்துக்கொண்டு வருவான், நாற்காலியில் பாதி உடம்புதான் கொள்ளும். ஆனால் வகுப்பிலேயே எழுந்து நின்று 'யெஸ் சார்' என்பவன் அவன் ஒருவன்தான். அதிலேயே நீ கவிழ்ந்துவிட்டாய். "வளர்ப்பு நல்ல வளர்ப்புலே" என்று வீட்டுக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அதுவரை நடந்த பரீட்சைகளை மெஷின் திருத்தியது. கடைசிப் பரீட்சை மட்டும் கையால் எழுதுவது, நீ திருத்த வேண்டும். எண்பது பேப்பர். பழைய சோபாவில் சம்மணம் போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாய். விடை தப்பென்றால் பெரிய சுழி, ஈவிரக்கம் கிடையாது. நம் ஊர்க் கணக்குதான் உனக்கு: முப்பத்தைந்து பாஸ், அறுபது முதல் வகுப்பு, எழுபத்தைந்துக்கு மேல் வந்தால் அவன் மனிதனே இல்லை. முதல் பெஞ்சுக்காரன் முப்பத்து மூன்றில் நின்றுவிட்டான். அந்தப் பேப்பரை நீ மூன்று தரம் புரட்டிப் பார்த்தாய். பிறகு எங்கேயோ இரண்டு மார்க்கைப் போட்டு, முப்பத்தைந்தாக்கி, அடியில் 'பாஸ், காட் பிளெஸ் யூ' என்று எழுதினாய்.

"ஒரு பயலக் கரையேத்திட்டேம்லே" என்றாய். அன்றைக்கு ரசத்துக்கு அப்பளம் வேறு பொரித்தோம்.

திங்கட்கிழமை காலை உன்னைப் பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் வெளியே நடையில் நின்றிருந்தேன், கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று பேர். ஒருவர் துணைக் கோச். ஒருவர் விளையாட்டுக்காரர்களின் படிப்பைக் கவனிக்கும் அதிகாரி. மூன்றாமவர் தட்டு அகல பெல்ட் பக்கிள் போட்ட, டீமுக்குப் பணம் கொட்டும் கார் வியாபாரி. அவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பதவியும் கிடையாது, ஆனால் அவர் எழுந்தால் பேராசிரியரும் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். புத்தாண்டு அன்று பெரிய ஃபுட்பால் மேட்ச், நாடு முழுக்க டிவியில் வருகிறது, முதல் பெஞ்சுக்காரன் இல்லாமல் டீம் இல்லை, உன் பேப்பரில் தேறாவிட்டால் அவன் இறங்க முடியாது. இதையெல்லாம் அவர்கள் விளக்கி முடித்தார்கள்.

நீயோ, நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாய். முகமெல்லாம் சிரிப்பாக, "நோ ப்ராப்ளம் சார், ஐ ஆல்ரெடி கேவ் ஹிம் டூ மார்க்ஸ்" என்றாய்.

கார் வியாபாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேராசிரியர்தான், குழந்தைக்குச் சொல்வதுபோல, இந்த நாட்டில் அறுபதுக்குக் கீழே எல்லாமே ஃபெயில் என்று சொன்னார். உன் கணக்கில் முதல் வகுப்பு வாங்கியவர்கள் இங்கே தட்டுத்தடுமாறிப் பாஸ். எண்பதில் அறுபது பேரை நீ காலி பண்ணியிருந்தாய்.

"ஐயையோ, அத்தன பேரையுமா கொன்னுட்டேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தாய். ஃபுட்பால், டிவி, பெல்ட் பக்கிள் எதுவும் உன் மண்டையில் ஏறவில்லை. "மறு மதிப்பீடுலே, எல்லாப் பேப்பரையும்" என்றாய். விடை தப்பானாலும் வழி சரியென்றால் ஸ்டெப் மார்க் போடுவது என்று முடிவு. இரண்டு பகல் முழுக்க எண்பது பேப்பரையும் மறுபடி திருத்தினாய், நான் கூட்டல் சரிபார்த்தேன். பாதிப் பேர் பிழைத்தார்கள். முதல் பெஞ்சுக்காரன் ஐம்பத்திரண்டு வரை வந்து நின்றுவிட்டான்.

இரண்டாம் நாள் அவனே வந்தான், நம் அபார்ட்மெண்ட் கதவில் குனிந்து. மார்க் கேட்க வந்திருக்கிறான் என்று நான் நினைத்தேன். அவன் கேட்டது எந்தெந்தக் கணக்குத் தப்பு என்பதை. நீ ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாய், அவனும் நெற்றியைச் சுருக்கிக் கேட்டான். பிறகு உப்புமா தட்டை நீட்டினாய். சாப்பிட்டவன் எழும்போது மேசையில் ஒரு டாலர் வைத்தான். விளையாடுகிறவர்கள் யாரிடமும் ஓசியில் எதுவும் வாங்கக் கூடாது, விதியாம். ஊரெல்லாம் அவன் நம்பர் போட்ட பனியன் விற்கிறார்கள், அதில் அவனுக்குச் சல்லிக்காசு கிடையாது, நம் உப்புமாவுக்கு மட்டும் காசு வைக்க வேண்டும்!

"வீட்டுக்கு வந்தவன் காசு வச்சிட்டுப் போறாம் பாருலே. வெளங்குமா இந்த ஊரு?" என்று நீ குதித்தாய்.

"அந்தக் கோபத்துலயாவது எட்டு மார்க்கப் போட்டுத் தொலைடா. உன்ற சீட்டுக்கே வேட்டு வெச்சுப் போடுவாங்க" என்றேன் நான்.

நீ பேராசிரியரிடம் போனாய். எட்டு மார்க் போடத் தயார், ஆனால் எண்பது பேருக்கும் போடுவேன் என்றாய். அவர் பதறிப்போனார். எல்லோருக்கும் போட்டால் டீன் கேள்வி கேட்பார், ஒருவனுக்குப் போட்டால் யார் கண்ணிலும் படாது என்றார். கடைசி முடிவு உன்னுடையதுதான், அசிஸ்டண்ட்ஷிப் பட்டியலை ஜனவரியில் பார்ப்போம் என்றும் அன்பாகச் சேர்த்துக்கொண்டார். அதற்கு நீ சொன்ன பதிலை இன்றுவரை நான் மறக்கவில்லை. "சார், எல்லாருக்கும் போட்டா அது மாடரேஷன். ஒருத்தனுக்குப் போட்டா அது திருட்டு." வீட்டில் அதைத் தமிழில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனாய், எனக்குத் தெரியும்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. ஐம்பத்திரண்டு அப்படியே நின்றது. ஆனால் வேறு ஏதோ ஆபீஸிலிருந்து ஒரு ஃபாரம் வந்தது. அவன் ஃபெயில் இல்லையாம், 'பரீட்சை இன்னும் முடியவில்லை'யாம், அடுத்த செமஸ்டரில் மறுபடி எழுதலாமாம். புத்தாண்டு அன்று அவன் ஜம்மென்று இறங்கி விளையாடினான். பக்கத்து வீட்டு டிவியில் நாம் இருவரும் பார்த்தோம். டீம் தோற்றது. "அவன் மேல தப்பில்லலே, பந்தையே ஒழுங்காக் குடுக்க மாட்டேங்கானுவ" என்று நீ அவனுக்காகக் கத்தினாய்.

பத்து நாளில் உனக்குக் கடிதம் வந்தது. பட்ஜெட் நெருக்கடியாம், உன் இடத்தைத் தொடர முடியாதாம். புது ஸ்கோர் போர்டு வாங்க அதே மாதம் விழா எடுத்தார்கள், அதற்கு மட்டும் நெருக்கடி இல்லை. அதைவிடக் கேலி, அடுத்த நாளே அதே இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார் பேராசிரியர்.

அன்று மாலை நான் தயங்கித் தயங்கி உன்னிடம் சொன்னேன். அசிஸ்டண்ட்ஷிப்பை எனக்குத் தருகிறார்கள், ஒரு நாள் டைம் கேட்டிருக்கிறேன், எனக்கு மனசில்லை என்று. நீ என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினாய். "கோட்டியா பிடிச்சிருக்கு உனக்கு? நீ எடுக்கலன்னா வேற எவனோ எடுப்பான். எனக்கு ஜெர்சி சிட்டியில அத்தான் இருக்காவ, பேங்க்ல கம்ப்யூட்டர் வேல வாங்கித் தருவாவ. நீ என்ன பண்ணுவ, மறுபடியும் தட்டா கழுவப் போற?" நான் மாட்டேன் மாட்டேன் என்றேன். நீ கெஞ்சினாய், அதட்டினாய், கடைசியில் உன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாய். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்வதுபோல நான் ஒப்புக்கொண்டேன். உனக்கு அப்படி ஒரு சந்தோஷம், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய்.

அந்த வசந்தத்தில் முதல் பெஞ்சுக்காரன் மறு பரீட்சை எழுத என் வகுப்புக்கு வந்தான். "சார் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டான். அறுபத்தெட்டு வாங்கினான், ஒரு மார்க்கும் நான் கூட்டவில்லை. உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஆபீஸ் என்றும் பாராமல் நீ கத்தினாய்: "ஃபர்ஸ்ட் கிளாஸ்லே!"

நான் டாக்டரானேன். நீ ஆகவில்லை. வங்கியில் கான்ட்ராக்ட் முடியும்போதெல்லாம் அடுத்த வேலைக்கு அலைந்தாய். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவன நாந்தான் மெரட்டி டாக்டர் ஆக்குனேன், வேண்டவே வேண்டாம்னுட்டு நின்னான்" என்று பெருமையாகச் சொல்வாய். நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன். உன் அடக்கத்துக்கு வந்தபோதும் உன் மனைவி வந்தவர்களிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் எவ்வளவு தயங்கினேன் என்று, நீ சொன்னபடியே. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

டேய், நான் ஒரு நாள் டைம் கேட்கவே இல்லை. பேராசிரியர் வாக்கியத்தை முடிப்பதற்குள் யெஸ் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன்.