சபை நடக்கும் மாதத்தில் ஒரு காதுகுத்து

கார்த்திகை 8, திங்கள்

ராகி அறுத்துக் களத்தில் கிடக்கிறது. மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி. மகள் கோகிலா வந்து, குழந்தை தேவிப்பிரியாவுக்கு எப்போது காது குத்தலாம் என்று கேட்டாள். கோயில் கோயிலாக அலைந்து பெற்ற பிள்ளை. தீர்த்தமலையில் குத்துவதாக வேண்டுதல். நாளை நான் சொல்கிறேன் என்றேன்.

கார்த்திகை 9, செவ்வாய்

நாள் குறித்தாயிற்று. இருபத்து நாலாம் தேதி, புதன். கோகிலாவின் முகம் சுண்டிப்போனது.

"அப்ப அண்ணனுக்கு டெல்லியில சபை நடக்குமேம்மா. தாய்மாமன் மடி இல்லாம எப்பிடிக் குத்தறது?"

"பங்காளி வூட்டு மாரப்பன் உக்காருவான்."

சபை நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் குறித்தேன். சபை முடிவதற்குள் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் யார் காது குத்துவார்கள்? கொள்ளி வைத்தவனே மடியும் கொடுக்கட்டும்.

கார்த்திகை 10, புதன்

தூக்கம் வரவில்லை. எழுதினால் ஆறுமோ என்னவோ.

என் மகன் சின்னராஜ் டெல்லியில் மந்திரி. பெரிய மந்திரி இல்லை, இணை மந்திரி. நாடாளுமன்ற விவகாரம் என்று இலாகாவுக்குப் பெயர். அவன் அப்பா ஓர் ஆடி மாதத்தில் போனார். அன்றைக்குச் சபையில் ஓட்டெடுப்பு. மறுநாள் வரைக்கும் வைத்திருந்தோம். ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், அவர் முகம் மறையும். நான் துடைப்பேன். மறுபடி மறையும். ஒரே மகன் வரவில்லை. மாரப்பன்தான் கொள்ளி வைத்தான். சாம்பல் ஆறிய பிறகு இவன் காரில் வந்து இறங்கினான். சட்டை கசங்கக்கூட இல்லை.

யார் அழுதார்கள், யார் அழுகிற மாதிரி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

கார்த்திகை 15, திங்கள்

டிவியில் படம் தெரியவில்லை என்று பொம்மிடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அப்துல் சுபானை வரச் சொன்னேன். சரி பண்ணிவிட்டு, "ஆயா, சீரியல் வெக்கட்டுமா?" என்றான்.

"டெல்லி சபைய வையி. இன்னிக்குத்தான் கூடுது."

"மகங்கிட்டப் பேச மாட்டீங்க, மூஞ்சிய மட்டும் பாப்பீங்களாக்கும்?"

"நான் மத்தவங்களப் பாக்கறன்டா."

சிரித்தான். இரண்டாம் வரிசையில் சின்னராஜ் தெரிந்தான். எழுந்து போகிறான், வருகிறான், வாயே திறக்கவில்லை. மந்திரி என்றால் பேச வேண்டாமா என்று கேட்டேன்.

"பேசறது அவரு வேல இல்லீங்க ஆயா. எந்த மசோதா எந்தக் கெழம, யாருக்கு எத்தன நிமிசம், அதெல்லாம் எதிர்க்கட்சிக்காரங்க கிட்டயும் நயமாப் பேசி முடிக்கோணும். ஓட்டெடுப்புன்னா நம்ம ஆளு ஒருத்தன் நழுவக் கூடாது. சுதந்திரம் வந்து ரெண்டாம் வருசமே இந்த எலாகா வந்துருச்சு. அதுக்கும் முன்னால, வெள்ளக்காரன் ஊர்ல வேட்டநாயிங்க கூட்டத்த வுட்டு ஓடாம ஒருத்தன் சாட்டையோட நிப்பானாம். கொறடாங்கற வேலை அதுல இருந்து வந்ததுதான்."

"நாய் மேய்க்கற வேலைன்னு சொல்லு."

"ஐயோ ஆயா! வெளிய சொல்லிறாதீங்க, கட்சிக்காரங்க என் கடைய ஒடச்சிருவாங்க."

சின்னராஜ் சிறு வயதில் ஆடு மேய்த்தவன். ஓர் ஆட்டைத் தொலைக்காமல் வீடு திரும்பிய நாளே கிடையாது. அவனை நம்பியா இந்த வேலையைக் கொடுத்தார்கள்?

கார்த்திகை 16, செவ்வாய்

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். தரையெல்லாம் பச்சை. நாற்றங்காலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் போல. அவன் குனிந்து குனிந்து ஒவ்வொருவர் காதிலும் ஏதோ சொல்லிக்கொண்டு போகிறான், களை பறிக்கிறவன் மாதிரி. மெலிந்துவிட்டான்.

மெலிந்தால் எனக்கென்ன?

கார்த்திகை 18, வியாழன்

மத்தியானம் டிவி ஓட ஓடக் கண் அசந்துவிட்டேன். அந்தப் பச்சைக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, காலில் வயல் சேறு. "நேரமாச்சு, வூட்டுக்குப் போறேன்" என்று எழுந்தார். எங்கேயோ மணி அடித்துக்கொண்டே இருந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகத் தானாகச் சாத்திக்கொண்டன. சின்னராஜ் வந்து அவர் தோளைத் தொட்டு, "இருங்கப்பா, ஓட்டெடுப்பு முடிஞ்சாத்தான் தொறப்பாங்க" என்றான். இவரும் சரியென்று உட்கார்ந்துகொண்டார். கோபமே இல்லை அவருக்கு. செத்த பிறகும் மகன் பேச்சைத்தான் கேட்கிறார் மனுசன்.

முழித்தபோது டிவியில் யாரும் இல்லை. காலி நாற்காலிகள் மட்டும்.

கார்த்திகை 20, சனி

வாசலில் கார் வந்து நின்றது. கர்நாடகாக்காரர் ஒருவர் இறங்கினார். நஞ்சுண்டப்பா என்று பெயர், எம்.பி., மகனுடைய கட்சிதான். தீர்த்தமலைக்குக் குடும்பத்தோடு வந்தவர், என்னைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை என்றார். கன்னடம் பாதி, தமிழ் பாதி. என் அம்மா வீட்டுப் பக்கம் கன்னடம் பேசுவார்கள், எனக்குப் புரியும்.

"அம்மா, அவத்து, உங்க வீட்டுக்காரர் போன அன்னிக்கு, ஓட்டெடுப்புல நம்ம கட்சியில ஒருத்தருக்குத்தான் ரஜா, அதான் லீவு, குடுக்க முடியும். அதுக்கு மேல ஒரு ஆள் கொறஞ்சாலும் அரசாங்கம் இல்ல. என் அம்மா ஆஸ்பத்திரியில, இன்னிக்குத் தாண்டாதுன்னு சொல்லிட்டாங்க. உங்க மகன்கிட்டப் போய் நின்னேன். அந்த ரஜாவ எனக்குக் குடுத்து, ஏர்போர்ட்டுக்குக் காரும் அனுப்பினார். அவருக்கும் வீட்டுல இருந்து சேதி வந்திருந்ததுன்னு அப்ப எனக்குத் தெரியாது. யாருக்குமே சொல்லல."

"உங்கம்மா?"

"பொழச்சிட்டாங்க. இப்பவும் இருக்காங்க. உங்களக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க."

காபி கொடுத்தேன். தட்டில் பாதி சிந்தியிருந்தது. அவர் பார்க்காத மாதிரி குடித்தார்.

கார்த்திகை 21, ஞாயிறு

யாரோ ஒருத்தி பிழைத்துக் கிடக்கிறாள், நல்லது. என் புருசனுக்கு யார் ரஜா கொடுத்தது? சரி, கொடுத்தான், கொடுத்துட்டுப் போறான்— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வாயில்லையா அவனுக்கு? இத்தன வருசம் நான் மூஞ்சி குடுக்காம இருந்தும் பொறுத்துக்கிட்டு இருந்தானே, என்ன புள்ள இவன்? வந்து சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

தின்றிருப்பேன்தான்.

கார்த்திகை 22, திங்கள்

காலையில் கோகிலாவைக் கூப்பிட்டு, "புதங்கெழம வேண்டாம். தையில வெச்சுக்கலாம்" என்றேன்.

"பத்திரிக்க குடுத்தாச்சேம்மா! சனங்களுக்கு என்ன சொல்றது?"

"எனக்கு மூட்டு வலி, மல ஏற முடியாதுன்னு சொல்லு."

பொங்கல் முடிந்து, பட்ஜெட்டுக்குச் சபை கூடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு இருக்கிறது. சுபானிடம் விசாரித்துவிட்டேன். ஐயரும் நாள் நல்லது என்றார். மாரப்பன் வீட்டுக்கு நானே நடந்து போய்ச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "நல்லது பெரியம்மா" என்றான். அவன் பொண்டாட்டிதான் உதட்டைச் சுழித்தாள். அதை மறக்க மாட்டேன்.

மார்கழி 5, சனி

நேற்றோடு சபை முடிந்தது. மூடுபனியில் எதிர்வீடு தெரியவில்லை.

தை 11, ஞாயிறு

காது குத்தியாயிற்று. சின்னராஜ் விடியலிலேயே மலையடிவாரத்துக்கு வந்துவிட்டான். என் காலைத் தொட்டான். நான் ஆசாரியைப் பார்த்து, நேரமாகிறது என்றேன். அவன் மடியில் குழந்தை உட்கார்ந்தது. ஊசி பட்டதும் அது வீறிட்டது, இவன் கண்ணும் கலங்கியது. மாரப்பன் பக்கத்தில் நின்று தேங்காய் உடைத்துக் கொடுத்தான்.

சாப்பாடு முடிந்து மண்டபத் தூணில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். மடியில் குழந்தையும் தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது இரண்டு பேருக்கும். குரங்கு ஒன்று எட்ட உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ.

அவன் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"டெல்லி ஆபீஸ்ல இருந்து பேசறோம். மந்திரி இருக்காருங்களா? புதன்கிழமை சபை கூடுது, அவசரம்."

"அவனுக்கு இன்னிக்கு லீவு."

"லீவா? யார் குடுத்தாங்க?"

"நாந்தான் குடுத்திருக்கறேன்."

போனைத் துண்டுக்கடியில் வைத்தேன். அவன் கண்ணைத் திறக்காமலே, "யாரும்மா?" என்றான்.

"யாரோ. நீ தூங்கு" என்றேன்.