ஏழு ஒன்றுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். உன் அப்பாவைப் பற்றி அப்படி ஒரே சொல்லில் எழுதி முடிக்க முடியவில்லை.

நீ போனில் விளையாட்டாக ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று, ஒன்றையும் அதையும் விட்டால் மீதியில்லாமல் அதை வகுக்கும் எண் வேறு உண்டா, கால்குலேட்டரைத் தொடாமல் சொல்லுங்கள் என்றாய். முப்பது வருடம் லேத்தில் மயிரிழை பிசகாமல் கடைந்த மனுஷன் சும்மா இருப்பாரா. பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும், ஆயிரத்து ஐம்பத்து நான்கைத் தாண்ட வேண்டாம், அந்த எண் இரண்டாக உடைந்தால் சின்னத் துண்டு அதற்குள்தான் இருக்கும் என்று எனக்கே பாடம் நடத்தினார். மொத்தம் நூற்று எழுபத்தேழு வகுத்தல். நடுவில் கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த தேதி வந்தது, பாதியில் விட்டால் கணக்கு கெட்டுவிடும் என்று போகவில்லை. நான் கத்தினேன், உன் சித்தப்பா வந்து பேசினார், செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்த வாரமே டம்ளர் இருக்கும் இடம் தெரியாமல் கொதிக்கிற தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டு, கட்டுப்போட்ட கையோடு அன்றும் வகுத்தார்.

கடைசியில் எதுவும் வகுக்கவில்லை, இது பகா எண்தான் என்று பட்டறைக் கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லிவிட்டு உன்னைக் கூப்பிட்டார். நீ சிரித்துக்கொண்டே, "தப்புப்பா, அது உடையும்" என்றாய். எங்கே என்று சொல்லவில்லை. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. உனக்கு அது சிரிப்பு, எனக்கு இங்கே வயிறு எரிந்தது.

பொறுக்க முடியாமல் தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு அவர் நோட்டை எடுத்தேன். சட்டை அளவைத் தாண்டி எனக்குக் கணக்கு ஏது, ஆனாலும் கழித்தல் தெரியுமே. நான்கு மத்தியானம் போயிற்று. ஐம்பத்திரண்டாவது வகுத்தல், இருநூற்று முப்பத்தொன்பதால். 1171-இல் 956 போனால் 215, அவர் 221 என்று போட்டிருக்கிறார், தன் கையால் எழுதிய கடைசி ஒன்று அவர் கண்ணுக்கு ஏழாகத் தெரிந்திருக்கிறது. திருத்தி வகுத்தேன், 4649 முறை சுத்தமாகப் போனது, மீதி இல்லை. மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். சந்தோஷமா வந்தது? ஆத்திரம்தான் வந்தது. நோட்டை அவர் முன்னால் போட்டேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் கண்ணோடு ஒட்டி வைத்து வெகுநேரம் பார்த்தார். "எனக்கு இப்பவும் ஏழாத்தான் தெரியுது" என்றார். கொஞ்சம் கழித்து அவராகவே, "டாக்டர்கிட்ட தேதி கேளு" என்றார்.

கேட்டேன். புரை முற்றிவிட்டது, முன்பே வந்திருந்தால் சுலபம் என்று டாக்டர் திட்டியதையும் நான்தான் வாங்கிக்கொண்டேன். இடது கண் ஆபரேஷன் முந்தாநாள் முடிந்தது, கட்டுப் பிரித்தார்கள், பார்வை தெளிவு. வலது கண் அடுத்த மாதம். பிழையைப் பிடித்தது யார் என்று மட்டும் உன்னிடம் சொல்லக் கூடாதாம். நான்தான்.

ஒரு குறையும் இல்லாமல் இருவரும் நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. இனி அவருக்கு எந்த எண்ணையும் சொல்லாதே. எட்டு ஒன்றுகள் பதினொன்றால் போகிறது, ஒன்பது மூன்றால் போகிறது, அதெல்லாம் பார்த்தாயிற்று. வேறு இருந்தால் எனக்கு எழுது.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
உன் அம்மா